நான்காவது சிலிண்டர்

மிர்சினி கப்பல், போர்ட் சயீத்
3 அக்டோபர் 2005

அன்புத் தங்கை மார்க்கெல்லாவுக்கு,

என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உனக்கும் அப்படியே இருக்கட்டும். பல்வலி போயிற்றா, இல்லை இன்னும் கிராம்பை வைத்துக்கொண்டு அலைகிறாயா?

கால்வாயில் நுழைய வரிசையில் நிற்கிறோம். மின்னஞ்சல் அனுப்பலாம்தான். ஆனால் அது கேப்டனின் கணினி வழியாகப் போகும். நான் உன்னைத் திட்டுவதை அவர் எழுத்துக்கூட்டிப் படித்து ரசிப்பார். அதனால்தான் காகிதம், துறைமுக ஏஜெண்ட் கையில்.

முதலில், ஆபீசில் உட்கார்ந்து நீ தேர்ந்தெடுத்த உன் என்ஜின். இருபத்தாறு வருஷமாகக் கப்பல் என்ஜின் ஓட்டுகிறேன், சீஃப் என்ஜினியரும் ஆகிவிட்டேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. ஏழு சிலிண்டர், ஒவ்வொன்றும் இரண்டு ஆள் உயரம். இவ்வளவு பெரிய உடம்பில் கேம்ஷாஃப்ட் மட்டும் இல்லை. எந்த வால்வு எப்போது திறக்கணும், எண்ணெயை எப்போது பீய்ச்சணும் என்று சுழன்று சுழன்று சொல்லும் அந்தத் தண்டைத் தூக்கிவிட்டு, சிலிண்டருக்கு ஒன்றாக ஏழு தகரப் பெட்டிகளை மாட்டச் சொல்லிவிட்டாய். பெட்டிக்குள் மின்பலகை. அது மனசு வைத்தால் வால்வு திறக்கிறது. வைக்காவிட்டால் என்ன செய்வது என்று நீ இன்னும் எனக்குச் சொல்லவில்லை.

கிளம்பும் முன் பாதிரியார் பாப்பா யாக்கோவோஸ் வந்து கப்பலுக்குத் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். நீதான் ஆபீசில் கூட்டம் இருக்கிறது என்று வரவில்லை. என்ஜின் அறை வரை நானே கூட்டிப் போனேன்.

"அறுபது படி இறங்கணும் சாமி, முழங்கால் தாங்குமா?" என்றேன்.

"மேல இருக்கறவங்க தாங்களே கும்பிட்டுக்குவாங்க. கீழ இருக்கறதுக்குத்தான்பா நான் வரணும்" என்றார். துளசிக் கொத்தைக் கிண்ணத்தில் முக்கி முக்கி எல்லாப் பக்கமும் விசிறினார். என் கண்ணாடியில்கூட இன்னும் கறை இருக்கிறது.

இதுவரை ஓடுகிறது. அவ்வளவுதான் சொல்வேன்.

புனித நிக்கோலா உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும்.

அண்ணன்,
இசிதோரோஸ்


பிரேயுஸ்
17 அக்டோபர் 2005

அண்ணா,

நான் சௌக்கியம். பல்லைப் பிடுங்கியாயிற்று. வாய் பழையபடி வேலை செய்கிறது என்பதை இந்தக் கடிதத்தில் நீயே தெரிந்துகொள்வாய்.

'இதுவரை ஓடுகிறது' என்று உன் கையால் எழுதிவிட்டாய். அந்த வரியை வெட்டி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

தண்டுக்கு ஒரே ஒரு பாட்டுத்தான் தெரியும். கப்பல் வேகமாகப் போனாலும் மெதுவாகப் போனாலும் அதே நேரத்தில்தான் வால்வைத் திறக்கும். என் பெட்டி அப்படியில்லை. சுமை குறைந்தால் எண்ணெயைக் கொஞ்சம் தள்ளிப் பீய்ச்சும், வால்வை முன்னதாக மூடும். மெதுவாகப் போகும்போது புகையே இல்லை என்று நீயே போனில் சொன்னாய். இப்போது மறந்திருக்கும்.

ஒரு விஷயத்தை நீ தெரிந்துகொள்ள வேண்டும். நம் முதலாளி ஸ்த்ராத்தீஸ் என்னைக் கூப்பிட்டார். "இந்தாம்மா, கட்டிட்டு இருக்கற ரெண்டு கப்பலுக்கு மார்ச் இருபதாம் தேதி என்ஜின் முடிவு பண்ணணும். அதுவரைக்கும் மிர்சினி மக்கர் பண்ணாம ஓடினா உன் பெட்டி. பண்ணினா பழைய தண்டு. அப்புறம் நீ திரும்ப உதிரி பாகம் எண்ணப் போகலாம்" என்றார். பன்னிரண்டு வருஷம் நட்டும் போல்ட்டும் எண்ணிவிட்டு வந்தவள் நான். திரும்பிப் போக மாட்டேன். என் தலை உன் கையில் இருக்கிறது, பார்த்துப் பிடி.

அண்ணியிடம் பேசினேன், எல்லோரும் நலம். நேரத்துக்குச் சாப்பிடு.

மார்க்கெல்லா


சிங்கப்பூர்
9 நவம்பர் 2005

அன்புத் தங்கைக்கு,

நலமாக இருக்கிறேன். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, மற்றபடி கவலை இல்லை.

உன் மூளைக்கு ஒரு தலைவலி வந்தது. ஐந்தாம் தேதி காலை நான்காவது சிலிண்டரில் அலாரம். புகைபோக்கி வால்வு திறந்ததா மூடியதா என்று சொல்லும் சமிக்ஞை காணாமல் போயிற்று. உன் பெட்டி ரொம்பவும் புத்திசாலி, உடனே அந்த சிலிண்டருக்கு எண்ணெயை நிறுத்திவிட்டது. ஆறு சிலிண்டரில் நொண்டிக்கொண்டு போனோம். நாற்பது நிமிஷத்தில் தானாகவே சரியாயிற்று.

பெட்டியைத் திறந்து பார்த்தேன். துடைத்து மூடினேன்.

சமையல்காரன் புதிது. அவன் செய்யும் பருப்புக்கு உப்பும் தெரியாது, வினிகரும் தெரியாது. நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

இசிதோரோஸ்


பிரேயுஸ்
25 நவம்பர் 2005

அண்ணா,

நான் நலம். உன் கடிதம் வருவதற்குள் கப்பலிலிருந்து இரண்டாவது அலாரச் செய்தியும் ஆபீசுக்கு வந்துவிட்டது. அதே நான்காவது சிலிண்டர்.

'துடைத்து மூடினேன்' என்கிறாய். எதைத் துடைத்தாய்? புதுப் பெட்டியில் துடைக்க என்ன இருந்தது? எண்ணெயா, தூசியா, ஈரமா? நான்காவது பெட்டியின் மின்பலகையை ஐந்தாவதற்கும், அதை இதற்கும் மாற்றிப் போடு. கோளாறும் கூடவே நகர்ந்தால் பலகை கெட்டது. நகராவிட்டால் கேபிள் அல்லது சென்சார். எல்லாவற்றையும் எழுது, சின்னதாக இருந்தாலும் எழுது.

உன் இரத்த அழுத்த மாத்திரை தீரும் தேதி இது. அடுத்த துறைமுகத்தில் வாங்கு.

மார்க்கெல்லா


டாம்பியர், ஆஸ்திரேலியா
18 டிசம்பர் 2005

அன்புத் தங்கைக்கு,

மாத்திரை வாங்கிவிட்டேன். தலைசுற்றல் இல்லை.

பலகையை மாற்றிப் போட்டேன். கோளாறு நான்காவதிலேயே உட்கார்ந்திருக்கிறது. சென்சாரும் மாற்றியாயிற்று. இரண்டு வாரம் அமைதி, அப்புறம் மறுபடி. செகண்ட் என்ஜினியர் வாங்கெலிஸ் அலாரத்தை நிறுத்தி நிறுத்தி விரலே தேய்ந்துவிட்டது என்கிறான்.

"சீஃப், இந்த நாலாம் நம்பருக்கு யாரோ கண்ணு வெச்சுட்டாங்க" என்றான்.

"வாயை மூடிட்டு வேலையைப் பாரு" என்றேன். கொஞ்சம் அதிகமாகவே கத்திவிட்டேன் போலிருக்கிறது. அன்றிலிருந்து என்னோடு காபி குடிக்க வருவதில்லை.

இங்கே புழுக்கம். புத்தாண்டு கேக்குக்கு மாவு சொல்லியிருக்கிறேன். உள்ளே வைத்துச் சுடும் அதிர்ஷ்டக் காசு என் துண்டில் வந்தால் உனக்கு அனுப்புகிறேன்.

இசிதோரோஸ்


பிரேயுஸ்
10 ஜனவரி 2006

அண்ணா,

புத்தாண்டு நல்லபடி பிறந்தது. உடம்பு நன்றாக இருக்கிறது, மனசு இல்லை.

அண்ணி ஊரிலிருந்து, கியோஸ் தீவிலிருந்து போன் செய்தாள். "நம்ம கார்தாமிலா காபிக்கடையில என்ன பேசிக்கறாங்க தெரியுமா? 'பிளக்கைச் சொருகினா ஓடற என்ஜினாம், கடல்ல போய் பிளக் புடுங்கிக்கிச்சாம்'னு சிரிக்கறாங்க. ஆரம்பிச்சு வெச்சது வேற யாரும் இல்ல, உங்க அண்ணன்தான். துறைமுகத்துலேர்ந்து போன் பண்ணினாராம்" என்றாள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, தெரியும். அந்த வாய்க்குத் தீனி போட்டது என் அண்ணன் என்பதுதான் தொண்டையில் நிற்கிறது.

நேற்று முதலாளி அறையில் ஆறு பேர். என்ஜின் செய்தவர்கள் அனுப்பிய நிபுணர் வரைபடத்தை விரித்துவிட்டு, "கோளாறு எங்கன்னு கண்ணால பார்த்தாத்தான் சொல்ல முடியும், உங்க சீஃப் அனுப்பற அறிக்கைல ஒண்ணுமே இல்ல" என்றார்.

முதலாளி என்னைப் பார்த்தார். "எங்கப்பா காலத்துலயும் கப்பல் ஓடிச்சும்மா. பெட்டி இல்லாமதான் ஓடிச்சு."

"மார்ச் இருபதுக்குள்ள காரணத்தைச் சொல்றேன். சொல்லலைன்னா நானே மேசையைக் காலி பண்ணிட்டுப் போறேன்" என்றேன். யாரும் கேட்காமலே சொன்னேன். அந்த என்ஜின் சரியானது, அண்ணா. எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும் என்றே நினைக்கிறேன்.

மறுபடி கேட்கிறேன். நவம்பர் ஐந்தாம் தேதி எதைத் துடைத்தாய்?

மார்க்கெல்லா


சிங்டாவ், சீனா
2 பிப்ரவரி 2006

தங்கைக்கு,

நலம். நல்ல குளிர். தளத்தில் பனி உறைகிறது. உன் கடிதம் கிடைத்தது. எழுத வேண்டியது இருக்கிறது, இன்று கை வரவில்லை. அடுத்த துறைமுகத்தில் எழுதுகிறேன். கம்பளிச் சட்டை போட்டுக்கொள்.

இசிதோரோஸ்


சிங்கப்பூர்
22 பிப்ரவரி 2006

மார்க்கெல்லா,

உடம்பைப் பற்றிப் பிறகு. முதலில் நீ கேட்டதற்குப் பதில்.

துளசியைத் துடைத்தேன்.

பாப்பா யாக்கோவோஸ் என்ஜின் அறைக்கு வந்தபோது பெட்டிகள் மூடியிருந்தன. கைப்பிடியைத் திருகினால் திறக்கும் கதவுதானே. நான் ஏழையும் ஒவ்வொன்றாகத் திறந்து பிடித்தேன். "உள்ளேயும் தெளிங்க சாமி, மூளை அங்கதான் இருக்கு" என்றேன். அவருக்கு என்ன தெரியும், பாவம். தாராளமாகத் தெளித்தார். போகும்போது துளசிக் கொத்தை என்னிடம் கொடுத்தார். வழக்கமாக அதைச் சிலுவைக்குப் பக்கத்தில் செருகுவோம். நான் நடுப் பெட்டியில், நான்காவதில், கேபிள்களுக்கு நடுவே செருகிக் கதவை மூடினேன். சொட்டச் சொட்ட ஈரத்தோடு.

நவம்பரில் திறந்தபோது அது கருகி, கம்பி முனைகள்மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. முனைகளில் பச்சை பூத்திருந்தது. மின்சாரமும் ஈரமும் சேர்ந்தால் செம்பு என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. துளசியைச் சட்டைப் பையில் போட்டேன், பச்சையைத் துடைத்தேன், முடிந்தது என்று நினைத்தேன். இரண்டாவது அலாரத்திலேயே தெரிந்துவிட்டது, பச்சை கேபிளுக்குள் ஊர்ந்திருக்கிறது என்று. முனையை வெட்டிப் புதிதாகக் கட்ட அரைமணி நேர வேலை. ஆனால் வெட்டினால் கப்பல் பதிவேட்டில் காரணம் எழுத வேண்டும். சென்சாரை மாற்றினேன், பலகையை மாற்றினேன், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டே வந்தேன்.

ஏன் என்று கேட்பாய். வெட்கம் ஒரு பாதி. இன்னொரு பாதியையும் சொல்லிவிடுகிறேன். அலாரம் அடித்தபோது மனசின் ஒரு மூலையில் சந்தோஷமாக இருந்தது. என்ஜின் அறையில் ஒரு நாள்கூட வியர்க்காத என் தங்கை தோற்றாள், நான் சொன்னது சரி என்று இருந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் காபிக்கடைக்குப் போன் போட்டேன். நீ மேசையைக் காலி செய்வதாகச் சொன்னாய் என்று படித்தபோது சந்தோஷம் போய்விட்டது. அதற்குப் பிறகும் ஒரு துறைமுகம் எழுதாமல் போனேன். அதற்குப் பெயர் கோழைத்தனம்.

கதவுகளை எதற்குத் திறந்தேன் என்பதையும் கேட்டுக்கொள். கேலிக்கு இல்லை. எனக்கு அந்தப் பெட்டிகளைப் பார்த்துப் பயம். உள்ளே இருப்பது உன் வேலை. ஏதாவது ஆனால் உன்னைத்தான் சொல்வார்கள். அதனால் ஆசீர்வாதம் உள்ளே வரை போகட்டும் என்று நினைத்தேன்.

பதினோராம் தேதி முனையை வெட்டிப் புதிதாகக் கட்டினேன். மற்ற ஆறையும் பார்த்தேன், சுத்தம். பதினோரு நாளாக ஒரு அலாரம் இல்லை. இன்னும் ஒன்று. மெதுவாகப் போகும்போது உன் என்ஜின் ஓடுவதை நின்று பார்த்தேன். இவ்வளவு அமைதியாக எந்தத் தண்டும் ஓட்டியதில்லை.

ஆபீசுக்கு எதுவும் எழுதவில்லை. கடிதம் உன் கையில். உனக்கு எது நல்லதோ செய்.

இசிதோரோஸ்


பிரேயுஸ்
6 மார்ச் 2006

அண்ணா,

நலமா என்று கேட்கப் பிடிக்கவில்லை, கேட்கிறேன். மாத்திரை சாப்பிடுகிறாயா?

டிராலி பஸ்ஸில் நின்றுகொண்டு படித்தேன். துளசி என்ற இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன், ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்தாள். அடுத்த பக்கத்தில் சிரிப்பு நின்றது.

துளசியை மன்னித்துவிட்டேன். நீ வைக்காவிட்டால் வேறொரு சீஃப் வைத்திருப்பான், நம் ஊர்க் கப்பல்தானே. நீ மறைத்த நூற்றொன்பது நாளை மன்னிக்கவில்லை. எண்ணிப் பார்த்தேன். அவ்வளவு நாளும் நான் உன்னைச் சந்தேகப்படாமல் கேபிள் வரைபடத்தைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். என்னையே சந்தேகப்பட்டேன். இரண்டு தடவை அழுதேன், அதையும் தெரிந்துகொள்.

உன் கடிதத்தை அப்படியே மேசைமேல் வைத்தால் நான் ஜெயித்துவிடுவேன். ஆனால் கோளாறைப் பதிவேட்டில் மறைத்த சீஃபை எந்தக் கம்பெனியும் வைத்துக்கொள்ளாது. கடிதத்தைக் காட்டாவிட்டால் என் பேச்சை யார் நம்புவார்கள்? கடிதம் என் பையில் இருக்கிறது. கூட்டத்துக்கு இன்னும் பதினான்கு நாள். என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

மார்க்கெல்லா


பிரேயுஸ்
21 மார்ச் 2006

அண்ணா,

நான் நலம். இன்று உண்மையாகவே நலம்.

நேற்றுக் கூட்டத்தில் சொன்னேன்: நான்காவது பெட்டிக்குள் தண்ணீர் போயிருக்கிறது, கம்பி முனை பச்சை பிடித்தது, வெட்டிக் கட்டியாயிற்று, பிப்ரவரி பதினொன்றிலிருந்து அலாரம் இல்லை. நிபுணர் தலையாட்டினார். ஈரம் என்று மூன்று மாதத்துக்கு முன்னாடியே சொல்லியிருந்தால் ஒரே நாளில் முடித்திருப்பேன் என்றார்.

"கதவைத் திறந்தது யாரு?" முதலாளி கேட்டார்.

"அதைச் சொல்ல மாட்டேன். பூட்டு இல்லாத கதவை வாங்கினது நான். தப்பை என் பேர்ல எழுதிக்கோங்க."

"நான் கேட்டாக்கூட சொல்ல மாட்டியா?"

"கேட்டாலும் சொல்ல மாட்டேன்."

அவர் இழுப்பறையைத் திறந்து சில தாள்களை எடுத்து என் பக்கம் தள்ளினார். உன் அறிக்கை. நாலு பக்கம், உன் கையெழுத்து, துளசி முதல் காபிக்கடை வரை. சனிக்கிழமையே ராவென்னா துறைமுகத்திலிருந்து, ஸ்கேன் செய்து, கேப்டனின் கணினி வழியாக வந்திருக்கிறது. எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"ஒருத்தன் நூறு நாள் மறைக்கறான். இன்னொருத்தி மூஞ்சிக்கு நேரா மறைக்கறா. ஒரு வயித்துப் புள்ளைங்கன்னு தனியா வேற சொல்லணுமாக்கும்" என்றார். அறை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

இரண்டு கப்பலுக்கும் என் என்ஜின்தான், கதவுக்குப் பூட்டோடு. பேரை மறைத்ததற்கு எனக்கு எழுத்தில் ஒரு கண்டிப்பு. கோளாறை மறைத்ததற்கு உனக்கு ஆறு மாதம் கடல் கிடையாது. "கரையில உக்காந்து ஒழுங்கா அறிக்கை எழுதக் கத்துக்கட்டும். யார்கிட்டன்னு கேக்காத, உன்கிட்டத்தான்" என்றார்.

அனுப்பப்போகிறேன் என்று எனக்கு ஒரு வரி எழுதக் கூடாதா? நல்லதைச் செய்தாலும் கெட்டதைச் செய்தாலும் சொல்லாமலே செய்கிறாய்.

மார்க்கெல்லா


கான்ஸ்டான்ட்சா
4 ஏப்ரல் 2006

அன்புத் தங்கைக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. உன் மார்ச் ஆறாம் தேதிக் கடிதம் போர்ட் சயீத்தில் கிடைத்தது. நீ என்ன செய்வாய் என்று உனக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். என்னைக் காட்டிக்கொடுக்காமல் நீ மூழ்குவாய். அதனால்தான் முந்திக்கொண்டேன். முன்கூட்டிச் சொன்னால் வேண்டாம் என்று தடுப்பாய்.

கேப்டன் அறிக்கையைப் படித்துவிட்டு இரண்டு வாரமாக, "சீஃப், ரேடாருக்கும் ஒரு கொத்து வெச்சுடுங்களேன், மூடுபனில ஒண்ணும் தெரியல" என்கிறார். வாங்கெலிஸ் காபி குடிக்க வந்துவிட்டான். காபிக்கடைக்கு நானே போன் போட்டு, பிளக்கைப் பிடுங்கினது நான்தான் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

இதையெல்லாம் தாங்குவேன். ஆபீசில் உன் எதிரே உட்காருவதுதான் கஷ்டம். ஐம்பத்திரண்டு வயதில், அத்தனை பேர் முன்னால், நான் கெடுக்கப் பார்த்த வேலைக்குள் வந்து உட்கார வேண்டும். என்னைத் தினமும் பார்ப்பது உனக்கும் சுமையாக இருக்கும். ராஜினாமாவை எழுதி வைத்திருக்கிறேன். வேண்டாம் என்று நீ நினைத்தால் சொல், கியோஸுக்குப் போய்விடுகிறேன். வருத்தப்பட மாட்டேன். பொய், வருத்தப்படுவேன். ஆனாலும் போய்விடுவேன்.

இசிதோரோஸ்


பிரேயுஸ்
12 ஏப்ரல் 2006

அண்ணா,

உன் இடத்துக்கு வரும் சீஃப் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நான் நலம். அண்ணி உனக்காக நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

ராஜினாமாவைக் கிழித்துப் போடு.

கோபம் இன்னும் இருக்கிறது. உன்னை எதிரே உட்காரவைத்துத் தீர்க்க வேண்டிய கோபம் அது, கியோஸுக்குத் தபாலில் அனுப்ப முடியாது. சுமை என்கிறாய். நீ திறந்த ஏழு கதவும் எனக்காகத் திறந்தவை என்று எழுதினாய். அந்தப் பக்கத்தை இதுவரை எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல மாட்டேன்.

உன் மேசை ஜன்னல் பக்கம். முதல் வேலை, இரண்டு புதுக் கப்பலுக்கும் பெட்டிகளை எந்த உயரத்தில் மாட்டுவது, கதவை எப்படி அடைப்பது என்று வரைய வேண்டும். அதற்குள் ஈரம் எப்படிப் போகும் என்று இந்த ஊரில் உன் அளவுக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை.

ஈஸ்டருக்கு வீட்டில் இரு. ஆட்டுக்கறி சாப்பிடு, மாத்திரையும் சாப்பிடு. பண்டிகை முடிந்த செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆபீசுக்கு வா. ஏதாவது கெட்டுப்போனால் அன்றைக்கே சொல்ல வேண்டும், முதலில் என்னிடம் சொல்ல வேண்டும். வேறு விதி எதுவும் இல்லை.

தாமதமாக வராதே. அங்கே நான்தான் சீஃப்.

உன் தங்கை,
மார்க்கெல்லா